ஜூவில் பார்த்த விலங்கினங்களுக்கு ஆண்டுக் கணக்கு: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வருடம் முழுக்க நான்கைந்து ஜூ பார்த்துவிட்டு, டிசம்பரில் உட்கார்ந்து "மொத்தம் எத்தனை இனம்?" என்று கூட்டும்போதுதான் கணக்கு இடிக்கும். ஒரே விலங்கு இரண்டு பெயரில் ஏறியிருக்கும். பலகையை மட்டும் பார்த்துவிட்டு விலங்கைப் பார்த்ததாக எழுதியிருப்பார்கள். குளத்தில் வந்து இறங்கிய காட்டுப் பறவை கூண்டுப் பறவையோடு சேர்ந்திருக்கும். என்னோடு வந்த பிள்ளைகளும் சரி, பெரியவர்களும் சரி, பெரும்பாலும் இந்த மூன்றில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பெரிய ஜூ எதுவும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பஸ்ஸோ ரயிலோ பிடித்து வெளியூர் போக வேண்டும். விட்டுப்போனதைப் பார்க்க மறுநாள் போய் வர முடியாது. அதனால் முதலில் விதி, பிறகு பெயர்ப் பட்டியல், அதற்கு அப்புறம்தான் டிக்கெட்.

1. நோட்டின் முதல் பக்கத்தில் விதிகளை எழுதுங்கள்

எது கணக்கில் சேரும், எது சேராது என்பதை ஜனவரிக்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஆசை வந்த பிறகு எழுதும் விதி ஆசைப் பக்கமே சாயும். நவம்பரில் எண்ணிக்கை ஒரு நல்ல ரவுண்ட் நம்பருக்கு ஒன்று குறைவாக நிற்கும்போது, வெள்ளை மயிலைத் தனி இனமாக்கினால் என்ன என்று தோன்றும். எழுதி வைத்த விதி அப்போது கையைப் பிடிக்கும்.

முடிவு செய்ய வேண்டியவையும், நான் வைத்திருக்கும் முடிவுகளும்:

உயிரோடு, சொந்தக் கண்ணால், இனம் தெரியும் அளவுக்குப் பார்த்தால் மட்டும் சேரும். சிங்கம் கர்ஜித்தது காதில் விழுந்தால் போதாது. வைக்கோலுக்குள் ஏதோ ரோமம் தெரிந்தாலும் போதாது.

பூங்கா வைத்துப் பராமரிக்கும் விலங்கு மட்டும் சேரும். தானாக வந்து போவது சேராது. வண்டலூரில் நடைபாதையில் பிஸ்கட் பிடுங்கும் நாட்டுக் குரங்கும், உள்ளே இருக்கும் ஓட்டேரி ஏரியில் நிற்கும் கொக்கும் நாரையும் காட்டுக் கணக்கு. அதே ஞாயத்தில், கோடியக்கரையில் வெளிமானை எத்தனை முறை பார்த்திருந்தாலும், அணைக்கரையில் கொள்ளிடத்து மணலில் படுத்திருக்கும் முதலையைப் பார்த்திருந்தாலும், இந்த நோட்டில் இடமில்லை. ஜூவுக்குள் பார்த்தால் மட்டுமே வரும்.

நிறம் மாறினால் இனம் மாறாது. வெள்ளைப் புலி வங்கப் புலிதான். பிறவியில் வந்த நிற மாற்றம். வெள்ளை மயிலும் அப்படியே. கிளையினங்களைத் தனியாக எண்ணுவதில்லை. ஆசியச் சிங்கமும் ஆப்பிரிக்கச் சிங்கமும் ஒரே வரி. கலப்பினத்துக்கு எண்ணிக்கையே கிடையாது.

ஆடு, முயல், வாத்து, சீமைப் பன்றி போன்ற வளர்ப்பு இனங்களை விட்டுவிடுங்கள்.

எந்த இடங்கள் கணக்கு என்பதையும் எழுதுங்கள். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகரித்த பூங்காக்கள், பொது மீன் காட்சியகங்கள், பறவைப் பூங்காக்கள் என்று வைத்துக்கொண்டால் போதும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது கோயில் யானையைப் பற்றித்தான். கோயில் ஜூ இல்லை, ஆகவே இல்லை. யார் வீட்டிலோ கூண்டில் இருக்கும் பச்சைக்கிளியும் இல்லை. அதை வளர்ப்பதே சட்டப்படி குற்றம்.

உங்கள் முடிவு என்னுடையதிலிருந்து மாறலாம். கிளையினங்களையும் எண்ணும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நடு ஆண்டில் மாற்றக் கூடாது.

2. பெயருக்கு ஒரே பட்டியலைப் பிடியுங்கள்

எது ஒரு இனம், எது இரண்டு இனம் என்பதை நாமே தீர்மானிக்கக் கூடாது. பாலூட்டிக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று, ஊர்வனவற்றுக்கு ஒன்று என்று பொதுவில் கிடைக்கும் உலகப் பட்டியல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஜனவரிப் பதிப்பை அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் ஈபேர்ட் தளம் பயன்படுத்தும் பறவைப் பட்டியல் பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் புதுப்பிக்கப்படும். அப்போது இரண்டாகப் பிரிந்த இனம் அடுத்த ஆண்டுக் கணக்குக்குத்தான். ஆண்டு நடுவில் சேர்த்தால், பிப்ரவரியில் பார்த்தது இதில் எது என்று தெரியாமல் முழிக்க வேண்டும்.

பிரிவினை அடிக்கடி நடக்கிறது. 2024இல் அந்தப் பட்டியலில் கூகை மூன்றாகப் பிரிந்தது. நம் ஊர்க் கூகை கிழக்குப் பிரிவில் போனது. வயலில் மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கும் கிழக்கு, மேற்கு என்று இரண்டானது. 2025 ஆகஸ்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐயுசிஎன் ஒட்டகச்சிவிங்கியை நான்கு இனங்களாக ஏற்றுக்கொண்டது. ஜூ பலகையில் வெறுமனே "ஒட்டகச்சிவிங்கி" என்று இருந்தால் நான்கில் எது என்று ஊகிக்க வேண்டாம். ஆண்டு முழுவதற்கும் ஒரே வரி.

அடுத்தது தமிழ்ப் பெயர்கள். இதில்தான் இரட்டைப் பதிவு அதிகம். ஒரு பூங்காவில் கடமான், இன்னொன்றில் மிளா: இரண்டும் ஒன்றே. வெளிமான், திருகுமான், புல்வாய் மூன்றும் ஒன்றே. சோலைமந்தியும் சிங்கவால் குரங்கும் ஒன்றே. இதற்கு நேர்மாறாக, காட்டெருமை என்ற பலகைக்குப் பின்னால் காட்டுமாடும் இருக்கலாம், அசல் காட்டு எருமையும் இருக்கலாம். வெளிமாநிலப் பூங்காவில் பலகை வேறு மொழியில் இருக்கும். ஆகவே கணக்கை நடத்துவது அறிவியல் பெயர். தமிழ்ப் பெயர் நமக்குப் புரிவதற்கு.

3. ஷீட்டைத் தயார் செய்யுங்கள்

கையில் ஒரு சின்ன நோட்டு, வீட்டில் ஒரு கூகுள் ஷீட். இரண்டும் வேண்டும். வெயிலில் போன் திரை தெரியாது, சார்ஜும் நிற்காது, நோட்டு எழுதும். நோட்டை மட்டும் நம்பினால் இருநூறு வரிக்கு மேல் எதையும் தேட முடியாது.

ஷீட்டில் இந்தப் பத்திகள் போதும்: தேதி, பூங்கா, அறிவியல் பெயர், தமிழ்ப் பெயர், வகுப்பு (பாலூட்டி, பறவை, ஊர்வன, நீர்நில வாழ்வன, மீன், மற்றவை), படத்தின் எண், குறிப்பு, ஆண்டு வரிசை எண். கடைசிப் பத்தி முக்கியம். இந்த ஆண்டில் முதல் முறை பார்த்தால் மட்டும் அதில் எண் விழும். மறுமுறை பார்த்தால் வரி இருக்கும், எண் காலி. அறிவியல் பெயர்ப் பத்தியில், ஒரு பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் சூத்திரம் ஒன்று போட்டுவிட்டால், ஏற்கெனவே இருக்கும் பெயர் சிவப்பாகும். எழுத்துப் பிழையோடு தட்டினால் அந்தச் சூத்திரம் ஏமாறும் என்பதால், பெயரைத் தட்டாதீர்கள். பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

4. எங்கே, எந்த மாதம்

பெரிய ஜூவில் ஆரம்பியுங்கள். ஆண்டின் பாதி எண்ணிக்கை அங்கேயே வந்துவிடும், விட்டுப்போனவை எவை என்பதும் சீக்கிரம் தெரியும். நமக்கு அது வண்டலூர். கும்பகோணம், மயிலாடுதுறையிலிருந்து இரவு பஸ் ஏறினால் கிளாம்பாக்கத்தில் இறங்கலாம். பூங்கா அங்கிருந்து பக்கம். ரயில் என்றால் செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ இறங்கி மின்சார ரயில் பிடித்து வண்டலூர் நிலையத்தில் இறங்குங்கள்.

அப்புறம் வடநெம்மேலி முதலைப் பண்ணை. ஊர்வன எண்ணிக்கைக்கு அதை விட்டால் ஆள் இல்லை. இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பவர்கள் விடுமுறை நாளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கள். ஞாயிறு இரவு ஊரிலிருந்து கிளம்பி "திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று" என்று திட்டம் போட்டால், திங்கள் வண்டலூர் ஆகிவிடும், செவ்வாய் முதலைப் பண்ணை ஆகிவிடும். மாற்றிப் போட்டால் இரண்டு கதவும் பூட்டியிருக்கும்.

மைசூர் இல்லாமல் பாலூட்டிக் கணக்கு நிறையாது. கொரில்லாவுக்கு அங்கேதான் போக வேண்டும். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகப் போகும் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் காலையில் மைசூர். அங்கும் செவ்வாய் விடுமுறை. திருவனந்தபுரம் போனால் திங்களைத் தவிருங்கள். சேலம் குரும்பப்பட்டி சின்னதுதான். ஏற்காடு போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். திருச்சி கம்பரசம்பேட்டைப் பறவைப் பூங்காவை ஒரு நாளில் பார்த்துத் திரும்பலாம். ஸ்ரீரங்கத்துப் பக்கம் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. செடிகளைத் தேடித் தானாக வரும் பூச்சிகள் அங்கே அதிகம். விதிப்படி அவை காட்டுக் கணக்கு.

மாதம் என்று பார்த்தால், சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனிதான் நமக்கு ஏற்றது. கையில் நேரமும் இருக்கும், வெயிலும் முற்றியிருக்காது. பொங்கல் விடுமுறை நாட்களில் வண்டலூர் பக்கம் தலைவைக்க வேண்டாம். காணும் பொங்கலன்று கூண்டுக்கு முன் நிற்கவே இடம் கிடைக்காது. மே மாதம் போனால் காலை இரண்டு மணி நேரம்தான் உருப்படியாகப் பார்க்க முடியும். அதற்குப் பிறகு எல்லாம் நிழலுக்குள் சுருண்டுவிடும்.

பெரிய பயணம் எதையும் ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளாதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது வண்டலூரில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்து பூங்காவே மூடிக் கிடந்தது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது நம் பக்கம் வீட்டைவிட்டு வெளியே வரவே வழியில்லை.

5. போவதற்கு முன் இருப்புப் பட்டியலைப் பாருங்கள்

மத்திய ஆணையம் ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 31 நிலவரப்படி எந்தப் பூங்காவில் என்னென்ன விலங்கு என்று இருப்புப் பட்டியல் வெளியிடுகிறது. ஆண், பெண், பால் தெரியாதது என்று மூன்று எண்கள் இருக்கும். 2:3:1 என்றால் இரண்டு ஆண், மூன்று பெண், ஒன்று தெரியாது.

அதிலிருந்து, நீங்கள் இன்னும் பார்க்காத இனங்களை மட்டும் நோட்டில் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பட்டியலையும் தூக்கிக்கொண்டு போனால் எதைத் தேடுவது என்றே தெரியாது. 0:1:0 என்று இருப்பவற்றுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றை விலங்கு இறந்தாலோ வேறு பூங்காவுக்குப் போனாலோ அந்த இனத்துக்கான வாய்ப்பும் போய்விடும். அதைத்தான் உள்ளே நுழைந்ததும் முதலில் தேட வேண்டும்.

பட்டியலில் இருப்பதெல்லாம் காட்சிக்கு இருக்காது. சிகிச்சையில் இருப்பவை, இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கியவை, மீட்டு வந்தவை எல்லாம் பின்பக்கக் கொட்டடிகளில் இருக்கும். இது தெரியாமல் "இருபது இனம் விட்டுப்போச்சே" என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

6. உள்ளே நடக்கும் வரிசை

கதவு திறக்கும்போதே நில்லுங்கள். வண்டலூர் 602 ஹெக்டேர். நுழைவாயில் பக்கம் இருப்பதையெல்லாம் நின்று ரசித்தால் நீர்நாயிடம் போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிடும்.

காலையில் முதலில் சின்ன ஊனுண்ணிகள்: நீர்நாய், செந்நாய், நரி, காட்டுப்பூனை வகைகள். இரவுக் கொட்டடியிலிருந்து வெளியே விட்டதும் சுற்றிச் சுற்றி நடக்கும். பத்தரைக்கு மேல் புதருக்குள் போய்விடும். அடுத்து கரடியும் பெரும்பூனைகளும். மான்களும் நீர்யானையும் எந்த நேரமும் தெரியும், கடைசிக்கு வையுங்கள். பறவைகளைப் பதினொன்றுக்குள் முடித்துவிடலாம்.

நடுப்பகலில் பாம்பு வீடும் இரவு விலங்குகள் கூடமும். வெயிலில் அலையாமல் இருக்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இரவு விலங்குக் கூடத்தில் அவசரமில்லாமல் நிற்க முடியும். வெளிச்சத்திலிருந்து நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. பெரும்பாலானவர்கள் அரை நிமிடம் நின்று "எல்லாம் காலி" என்று வெளியே வந்துவிடுகிறார்கள். உள்ளே போய்ச் சுவர் ஓரமாகப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள், போனை எடுக்காதீர்கள். முதலில் கிளை தெரியும், பிறகு கிளையின் மேல் ஒரு வாலின் கோடு, அப்புறம் அந்த மரநாய் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பது தெரியும்.

சாயங்காலம் காலையில் தவறவிட்ட கூண்டுகளுக்குத் திரும்புங்கள். தீனி வைக்கும் நேரம் நெருங்கும்போது ஒளிந்திருந்ததும் வாசல் பக்கம் வரும்.

பராமரிப்பாளரைக் கேளுங்கள். "அண்ணே, புனுகுப்பூனை இந்நேரம் எந்தப் பக்கம் படுத்திருக்கும்?" என்று மரியாதையாகக் கேட்டால், விரலை நீட்டி மூலையைக் காட்டுவார். கண்ணாடியைத் தட்டுவதும், கல்லெறிவதும், தின்பண்டம் போடுவதும் செய்யும் கூட்டத்தோடு நிற்கவே வேண்டாம்.

7. பலகை முதலில், விலங்கு பிறகு

ஒவ்வொரு கூண்டிலும் முதல் படம் பலகை, அடுத்தது விலங்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வீட்டில் படங்களைத் தள்ளிப் பார்க்கும்போது பலகைக்குப் பின் வருவதெல்லாம் அந்தக் கூண்டுக்காரர்கள் என்று தானாகப் பிரிந்துவிடும். விலங்கு தெரியவில்லை என்றால் பலகைக்குப் பின் தரையை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

நோட்டில் மூன்று குறிகள் போதும். டிக் என்றால் பார்த்தது. சுழி என்றால் கூண்டு இருக்கிறது, விலங்கைப் பார்க்கவில்லை. கேள்விக்குறி என்றால் பார்த்தேன், இனம் உறுதியில்லை. கேள்விக்குறியை அங்கேயே டிக் ஆக்கிவிடும் அவசரம்தான் கணக்கை ஊத வைக்கிறது.

பலகையை நம்ப வேண்டாம். விலங்கை மாற்றிய பிறகும் பழைய பலகை தொங்கும். ஒரே கூண்டில் மூன்று இனம் இருந்து பலகை ஒன்றுக்குத்தான் இருக்கும்.

8. ஏமாற்றும் ஜோடிகள்

முதலைகள்: சதுப்புநில முதலைக்கு மூக்கு அகலம், பிடரியில் தலைக்குப் பின்னால் எடுப்பாக நான்கு செதில்கள். உவர்நீர் முதலைக்கு அந்தப் பிடரிச் செதில்கள் பெரும்பாலும் இருக்காது. கண்ணிலிருந்து மூக்கு நோக்கி இரண்டு வரம்புகள் ஓடும். வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரிந்தால் முதலை, தெரியாவிட்டால் அலிகேட்டர் அல்லது கெய்மன். முதலைப் பண்ணையில் குழி வாரியாக எழுதுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதற்குள் மறந்துவிடும்.

மலைப்பாம்பு: இந்திய மலைப்பாம்பும் பர்மிய மலைப்பாம்பும் 2009 முதல் தனித்தனி இனங்கள். தலை மேல் இருக்கும் அம்புக்குறி மூக்கு நோக்கிப் போகப் போக மங்கினால் இந்தியது. கடைசிவரை அழுத்தமாக இருந்தால் பர்மியது. கண்ணாடிக்குப் பக்கத்தில் தலை இருந்தால் கண்ணுக்குக் கீழே பாருங்கள்: உதட்டுச் செதில் கண்ணைத் தொட்டால் இந்தியது, நடுவில் சின்னச் செதில்கள் மறித்தால் பர்மியது.

கூழைக்கடா: குளத்தில் சாம்பல் நிறமும் வெள்ளையும் சேர்ந்து நிற்கும். அலகில் புள்ளி இருந்தால் நம் ஊர்ப் புள்ளிக் கூழைக்கடா. அது மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தால், கூண்டுப் பறவைதானா என்று பராமரிப்பாளரைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

ஈமுவுக்குக் காலில் மூன்று விரல், நெருப்புக்கோழிக்கு இரண்டு.

பறவைப் பூங்காவில் பெரிய வம்பு "லவ் பேர்ட்ஸ்". நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி பட்ஜெரிகர் என்ற சின்னக் கிளி. மஞ்சள், நீலம், வெள்ளை, பச்சை எல்லாமே ஒரே இனம், ஒரே வரி. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்கக் கிளி. தடித்த உடலோடு, குட்டை வாலோடு, பெரிய அலகோடு இருக்கும். அதிலும் நிறக் கலப்புகள் ஏராளம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும் பிரிவுகள் ஒன்றோடொன்று கலந்திருக்க வாய்ப்பு அதிகம், நான் கேள்விக்குறியோடு நிறுத்திவிடுவேன். மக்கா என்ற பெரிய கிளிகளிலும் கலப்பு உண்டு. ஹார்லெக்வின், கேட்டலினா என்று பெயர் போட்டிருந்தால் அவை கலப்பினம், எண் கிடையாது.

9. அன்றிரவே பதியுங்கள்

திரும்பி வரும் பஸ்ஸிலேயே நோட்டைப் படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். மூன்று நாள் போனால் கேள்விக்குறி போட்ட பாம்பு எந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது என்பது நினைவிருக்காது. ஷீட்டில் ஏற்றுவது மறுநாள் காலையில் நடந்தாலும் சரி. கேள்விக்குறிகளை மட்டும் தனி ஷீட்டில் போடுங்கள்.

ஜூ பறவைகளை ஈபேர்டில் ஏற்றக் கூடாது. அது காட்டுப் பறவைகளுக்கான பதிவு. எல்லா உயிரினங்களையும் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் வளர்ப்பில் உள்ளது என்ற குறியைக் கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால் செங்கல்பட்டு மாவட்டத்தில் காட்டு நீர்யானை திரிவதாக ஆகிவிடும்.

10. ஆண்டை மூடுவது

டிசம்பர் முதல் வாரத்தில் அறிவியல் பெயர்ப் பத்தியை அகர வரிசையில் அடுக்குங்கள். இரட்டைப் பதிவுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பிறகு வகுப்பு வாரியாகக் கூட்டுங்கள். மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு எங்கே போவது என்று தெரியாது; பாலூட்டி நிறைந்து மீன் வறண்டு கிடப்பது வகுப்பு வாரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

தீராத கேள்விக்குறிகளை அப்படியே விட்டுவிடுங்கள். டிசம்பர் 31க்குப் பிறகு பழைய படம் ஒன்றிலிருந்து இனம் தெரிய வந்தால் அந்தப் பழைய ஆண்டிலேயே சேர்த்து, குறிப்புப் பத்தியில் திருத்திய தேதியை எழுதுங்கள்.

புது ஆண்டுக்குப் புது ஷீட், எண் ஒன்றிலிருந்து. வாழ்நாள் கணக்கு வைப்பவர்கள் அதைத் தனி ஷீட்டில் நடத்துங்கள். இரண்டையும் ஒரே ஷீட்டில் வைத்தால் வரிசை எண் பத்தி முதல் மாதத்திலேயே குழம்பும். பட்டியலின் புதிய பதிப்பை இறக்கிய பிறகே ஜனவரியின் முதல் வரியை எழுதுங்கள்.